அட்லாண்டாவில் மிச்சமிருந்த 51.9 வினாடி

2008 மார்ச் 8 அன்று அட்லாண்டாவின் ஃபிலிப்ஸ் அரினாவில், அன்றைய கூடைப்பந்து ஆட்டத்துக்கு முன்னால் பழைய ஆட்டம் ஒன்றின் வால் ஆடி முடிக்கப்பட்டது. அட்லாண்டா ஹாக்ஸ் 114, மயாமி ஹீட் 111 என்ற நிலையில் ஓவர்டைமின் (ஆட்டம் சமநிலையில் முடிந்தால் ஆடும் கூடுதல் நேரம்) கடைசி 51.9 வினாடி மட்டும். இரு அணியும் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. ஹாக்ஸ் ஜெயித்தது.

அந்தப் பழைய ஆட்டம் 2007 டிசம்பர் 19, ஒரு புதன்கிழமை நடந்தது. ஓவர்டைமில் ஹீட்டின் ஷகீல் ஓ'நீல் ஆறாவது ஃபவுல் ஆகிவிட்டதென்று வெளியேற்றப்பட்டார். அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏ-யின் விதிப்படி ஆறு ஃபவுல் ஆனால் வீரர் வெளியே போக வேண்டும். ஆனால் உண்மையில் அது அவருடைய ஐந்தாவது. சக வீரர் உடோனிஸ் ஹாஸ்லம் செய்த ஒரு ஃபவுல், புள்ளியும் ஃபவுலும் குறிக்கும் ஸ்கோர் மேசையில் ஓ'நீல் பெயருக்கு ஏறியிருந்தது. அன்று ஹாக்ஸ் 117-111 என்று ஜெயித்தது. ஹீட் முறையிட்டது, லீக் ஏற்றுக்கொண்டது. 1982-ல் நடந்த ஓர் ஆட்டத்துக்குப் பிறகு என்பிஏ ஒரு முறையீட்டை ஏற்று மறுபடி ஆடச் சொன்னது அதுதான் முதல் தடவை. மேசைக்கு ஆட்களை அமர்த்துவது உள்ளூர் அணியின் பொறுப்பு. அதனால் ஹாக்ஸுக்கு 50,000 டாலர் அபராதம். மிச்ச வினாடிகளை ஆட ஹீட் திரும்பி வந்தபோது ஓ'நீல் அந்த அணியிலேயே இல்லை. பிப்ரவரியில் ஃபீனிக்ஸ் சன்ஸுக்கு மாறிப் போயிருந்தார். அவருக்கு நடந்த தவறு அவருக்குத் திருத்தப்படவே இல்லை.

2007-08 சீசன் என்றால் பலருக்கும் நினைவு வருவது பாஸ்டன் செல்டிக்ஸ். முந்தைய ஆண்டு 24-58, இந்த ஆண்டு 66-16, கடைசியில் லேக்கர்ஸை 4-2 என்று வென்று கோப்பை. ஸ்கோர் மேசையில் வேலை செய்பவர்களுக்கு அந்த சீசன் அட்லாண்டாவின் அந்த ஒற்றை ஃபவுல்தான். அதன் எடையைப் பாருங்கள். ஹாக்ஸ் 37-45 என்று முடித்து கிழக்குப் பிரிவின் எட்டாவது, கடைசி பிளேஆஃப் (கோப்பைக்கான அடுத்த சுற்றுகள்) இடத்தைப் பிடித்தது. ஒன்பதாவது இண்டியானா பேசர்ஸ், 36-46. அந்த 51.9 வினாடியில் ஆட்டம் கைமாறியிருந்தால் இரண்டு அணியும் 36-46-ல் சமமாக நின்றிருக்கும். உள்ளே போன ஹாக்ஸ் முதல் சுற்றில் செல்டிக்ஸை ஏழாவது ஆட்டம் வரை இழுத்தது. டிசம்பரில் ஸ்கோர் தாளின் தவறான கட்டத்தில் விழுந்த ஒரு பேனாக் கோடு ஏப்ரல் வரை எட்டிப் பிடிக்கக்கூடியது.

இப்படி ஒரு தவறு எப்படி நடக்கிறது? கவனக்குறைவு என்று சொல்லி விட்டுவிடலாம், ஆனால் அதனால் யாருக்கும் பயனில்லை. மேசைத் தவறுகள் எப்போதும் இரண்டு மூன்று வழிகளில்தான் வருகின்றன.

முதலாவது, பேனா அவசரப்படுவது. விசில் அடித்ததும், யார் ஃபவுல் செய்தது என்று ஸ்கோரரின் கண் ஏற்கெனவே தீர்மானித்துவிடும். வளையத்துக்குக் கீழே இரண்டு பெரிய ஆட்கள் சேர்ந்து கை வைத்திருந்தால், பிரபலமானவர்தான் மனதில் பதிவார். ஸ்கோரர் பார்த்தது கணக்கில் சேராது. ரெஃப்ரி காட்டும் எண் மட்டுமே கணக்கு. அந்த சைகை முடியும்வரை தலை குனியக் கூடாது. சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் முறையில் 32-ம் எண்ணுக்கு முதலில் கையின் பின்புறத்தை மேசைக்குக் காட்டி மூன்று விரல், பிறகு உள்ளங்கையைக் காட்டி இரண்டு விரல். பத்துகளையும் ஒன்றுகளையும் பிரிப்பது கை திரும்பும் அந்தத் திருப்பம்தான். அதைத் தவறவிட்டால் 32, 23 ஆகிவிடும்.

இரண்டாவது, இரட்டை விசில். இரண்டு ரெஃப்ரிகள் ஒரே நேரத்தில் ஊதி, ஒருவர் மட்டும் மேசைக்கு வந்து சொல்வார். அதே நேரத்தில் மாற்று வீரர் உள்ளே வரக் காத்திருப்பார், பயிற்சியாளர் டைம் அவுட் கேட்டுக்கொண்டிருப்பார். இந்த நெரிசலில் வரிசை முக்கியம்: ஃபவுல், பிறகு அணியின் ஃபவுல் எண்ணிக்கை, பிறகு ஃப்ரீ த்ரோ எத்தனை, அதற்குப் பிறகுதான் மாற்று வீரர். மாற்று வீரருக்காக ஹாரனைத் தொட அவசரப்பட்டால் ஃபவுல் பாதியில் நின்றுவிடும்.

மருந்து எளியது, ஆனால் ஒவ்வொரு ஃபவுலுக்கும் செய்ய வேண்டும். ஸ்கோரர் வாய்விட்டுச் சொல்வார்: “சிவப்பு, முப்பத்திரண்டு, அவருக்கு நாலு.” பக்கத்தில் இருக்கும் உதவி ஸ்கோரர் தன் பலகையைப் பார்த்து “நாலு” என்று திருப்பிச் சொன்ன பிறகே எழுதுவது முடிந்ததாக அர்த்தம். அவர் “மூணு” என்றால், பந்து உயிர் பெறுவதற்கு முன் ரெஃப்ரியைக் கூப்பிட வேண்டும். அந்த நிமிடத்தில் எல்லாருக்கும் நினைவிருக்கும், பத்து வினாடியில் தீர்ந்துவிடும். அதையே “அப்புறம் பார்த்துக்கலாம்” என்று விட்டால், ஓவர்டைமில் யாருக்கும் நினைவிருக்காது. தொழில்முறை லீக்குகளில் ஸ்கோர் புத்தகம் ஒரு பக்கம், கணினியில் புள்ளிவிவரம் ஏற்றுபவர் ஒரு பக்கம் என்று இரண்டு கணக்கு ஓடும். இரண்டும் வேறுபட்டால் எது சரி என்று உள்ளுக்குள் வாதாடிக்கொண்டு ஆட்டத்தை ஓடவிடுவதுதான் மிக ஆபத்தானது.

டைம் அவுட்டில் ஒப்பிடும்போது ஒரு பொறி இருக்கிறது. வீரர்களின் ஃபவுலைக் கூட்டி அணி ஃபவுலோடு சரிபார்த்தால் போதும் என்று புதியவர்கள் நினைப்பார்கள். ஃபிபா தாளில் ஒவ்வொரு கால் பகுதிக்கும் அணி ஃபவுலுக்கு நான்கு கட்டம்தான், அதற்கு மேல் கோடு ஏறாது. என்பிஏ-யில் பந்து வைத்திருக்கும் அணி செய்யும் ஆஃபென்சிவ் ஃபவுல், அணிக் கணக்கில் சேராது. ஆக கூட்டல் உதவாது. பெயர் பெயராக வாசித்துத்தான் ஒப்பிட வேண்டும். அப்படியே கூட்டல் சரியாக வந்தாலும், ஹாஸ்லம் கணக்கு ஓ'நீலுக்குப் போனதை அது காட்டிக்கொடுக்காது. மொத்தம் மாறவில்லையே!

ஃபிபா விதிப்படி ஸ்கோர், ஃபவுல், டைம் அவுட் எண்ணிக்கையில் நேர்ந்த தவறை, தலைமை ரெஃப்ரி தாளில் கையெழுத்திடும் வரை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். ஆட்டம் ஓடும்போது தவறு தெரிந்தால் ஸ்கோரர் உடனே ஹாரன் அடிக்கக் கூடாது. முதல் டெட் பால் (பந்து ஆட்டத்தில் இல்லாத தருணம்) வரை காத்திருக்க வேண்டும். புள்ளியைத் திருத்திவிடலாம். வெளியே அனுப்பிய வீரர் பெஞ்சில் கழித்த நிமிடங்களைத் திருப்பிக் கொடுக்க எந்த விதியிலும் வழியில்லை. அதனால் ஒருவர் வெளியேறும் ஃபவுலுக்கு ஒன்று குறைவாக இருக்கும்போதே அவருடைய கட்டங்களை மட்டும் தனியாக ஒருமுறை இருவரும் வாசித்துப் பார்ப்பது நல்ல பழக்கம்.

கடிகாரப் பக்கம் சுருக்கமாக. ஓர் அணி 24 வினாடிக்குள் ஷாட் எடுக்க வேண்டும் என்ற விதியும் அதற்கான ஷாட் கிளாக்கும் 1954-ல் வந்தன. சிரக்யூஸ் அணியின் டேனி பியாசோன், 48 நிமிடத்தின் 2,880 வினாடியை ஓர் ஆட்டத்துக்கான 120 ஷாட்டால் வகுத்தார். ஷாட் கிளாக் ஆபரேட்டரின் பெரிய தவறு, பந்து வளையத்தைத் தொடாமல் பலகையில் மட்டும் பட்டுத் திரும்பும்போது பொத்தானை அழுத்திவிடுவது. எதிரணி வீரர் தட்டிவிட்டால் மட்டும் போதாது, பந்து அவர் கட்டுப்பாட்டுக்கு வந்தால்தான் புதிய 24. வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தை (ரீபவுண்ட்) தாக்கும் அணியே எடுத்தால் இப்போது 14. என்பிஏ அதற்கு 2018-19-ல்தான் மாறியது. 2007-08-ல் அங்கே அதற்கும் முழு 24-தான். ஒவ்வொரு விசிலுக்கும் ஆட்டக் கடிகாரக்காரரும் ஷாட் கிளாக்காரரும் “நாலு முப்பத்திரண்டு”, “பதினேழு” என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டால், தப்பாக அழுத்தினாலும் எந்த எண்ணுக்குத் திரும்புவது என்று தெரியும். என்பிஏ-யில் ரெஃப்ரியின் இடுப்பில் இருக்கும் கருவி விசில் சத்தத்தைக் கேட்டே கடிகாரத்தை நிறுத்திவிடுகிறது. 0.3 வினாடி இருந்தால்தான் பந்தைப் பிடித்து எறிய முடியும், குறைந்தால் தட்டிவிட மட்டுமே முடியும் என்ற விதி உள்ள இடத்தில், விரலின் தாமதம் சின்ன விஷயம் இல்லை.

ஒரு சீசனில் ஒரு அணிக்கு 82 ஆட்டம், அதில் 41 சொந்த மைதானத்தில். மேசைக்காரர்கள் தளர்வது இறுதிப் போட்டியில் இல்லை. அங்கே எல்லாருக்கும் முதுகு நேராக இருக்கும். டிசம்பர் மாதத்துப் புதன்கிழமையில், இரு அணியும் தோற்றுக்கொண்டிருக்கும்போது (ஹீட் அந்த சீசனை 15-67 என்று முடித்தது), கடைசி கால் பகுதியில், ஆட்டம் ஓவர்டைமுக்கு நீளும்போதுதான் குரல் தணிகிறது. திருப்பிச் சொல்வது முணுமுணுப்பாகி, பிறகு தலையசைப்பாகிறது. மூன்றாம் கால் பகுதி முடிந்ததும் ஸ்கோரரும் உதவியாளரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு அணியிலும் நான்கோ அதற்கு மேலோ ஃபவுல் உள்ள ஒவ்வொரு எண்ணையும் உரக்க வாசிக்க வேண்டும். இரண்டு நிமிட இடைவேளையில் அதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.