ஐம்பது மில்லிமீட்டர்

"தம்பி, உங்க தாள்ல டிரம் எத்தனைங்க?"

"168."

"நாங்க 219-ல கடைஞ்சிட்டிருக்கோம்."

எஸ்டிமேட் போடும் என்னிடம் ஃபோர்மேன் கேட்டது இவ்வளவுதான். டிரம் என்பது கன்வேயர் பெல்ட் சுற்றி ஓடும் உருளை. அதற்குள் டீ இலையைப் பெல்ட்டில் நகர்த்தும் நாலு கன்வேயருக்கும் விலை போய், கோத்தகிரிப் பக்கத்து டீ ஃபேக்டரி முதலாளி அட்வான்ஸும் போட்டிருந்தார்.

168 என்பது 6 இன்ச் என்று சொல்லும் பைப்பின் வெளிவிட்டம், மில்லிமீட்டரில். 219 என்றால் 8 இன்ச். பழைய டிராயிங் ரெண்டு பிளை, அதாவது ரெண்டு துணி அடுக்கு உள்ள பி.வி.சி. பெல்ட்டுக்குப் போட்டது. மூணு பிளை வெள்ளை ரப்பருக்கு மாறியதும், தடித்த பெல்ட் சின்ன டிரம்மைச் சுற்றி வளைகிற இடத்தில் ஜாயின்ட் வாய் பிளந்தது. அதனால் ஷாப்பில் டிரம்மைப் பெரிதாக்கிவிட்டார்கள். சரியான முடிவுதான். சுவரில் தொங்கும் டிராயிங்கில் பென்சிலால் 219 என்று திருத்தியும் இருந்தது. கீழ் மூலையில் யார், என்றைக்கு, ஏன் மாற்றினார்கள் என்று எழுதவேண்டிய கட்டம் மட்டும் காலி. என் கம்ப்யூட்டரில் பழைய 168.

"தை மாசமே சொன்னனே, டீ குடிக்கறப்ப" என்றார். சொல்லியிருப்பார். எனக்கு ஞாபகமில்லை. டீ குடிக்கும்போது சொன்னதை வைத்து எஸ்டிமேட் போட முடியுமா என்று அன்றைக்கு முழுக்க எனக்கு நானே வாதாடிக்கொண்டிருந்தேன். ஆனால் விலை அனுப்பும் முன் பத்தடி நடந்து சுவரைப் பார்த்திருக்கலாமே என்றால் பதில் இல்லை.

டிரம் மாறினால் டிரம்மோடு நிற்காது. 1440 ஆர்.பி.எம். மோட்டாருக்கு 40:1 கியர் பாக்ஸ் போட்டால் டிரம் நிமிஷத்துக்கு 36 சுற்று. 168-ல் பெல்ட் நிமிஷத்துக்கு 19 மீட்டர் ஓடும். அதே கியரை 219-ல் வைத்தால் கிட்டத்தட்ட 25 மீட்டர். இலை பரவாமல் ஓடும், இறங்குகிற இடத்தில் சிதறும். 50:1-க்கு மாற்றினால் 28.8 சுற்று, வேகம் 20-க்குள் வந்துவிடும். ஷெட்யூல் 40 என்ற கனத்தில் பைப் மீட்டருக்கு 28 கிலோவிலிருந்து 42.5 ஆகிறது, கன்வேயருக்கு ரெண்டு வீதம் 650 மி.மீ. நீள டிரம் எட்டுக்குச் சுமார் 75 கிலோ கூடுதல். பெல்ட் நீளம் ஒரு கன்வேயருக்கு 16 சென்டிமீட்டர்தான் கூடும். இதெல்லாம் எக்செலில் எண்ணை மாற்றினால் தானாக வந்துவிடும்.

அப்படி அடங்காதது சைடு பிளேட், கன்வேயரின் ரெண்டு பக்கத் தகடு. டிரம் 50 மி.மீ. பெரிதானால் சைடு பிளேட்டும் 50 மி.மீ. உயரவேண்டும், மடிப்பு சேர்த்து 300 அகலம் 350 ஆகும். 2 மி.மீ. எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஷீட், ஆறு மீட்டர் நீளம், ரெண்டு பக்கம். கனமீட்டருக்கு 8 டன் என்று வைத்தால் கன்வேயருக்கு 9.6 கிலோ, நாலுக்கு 38 கிலோ. எக்செல் அதைத்தான் காட்டியது. பெரிய இழப்பில்லை என்று அரை மணி நேரம் நிம்மதியாக இருந்தேன்.

ஃபோர்மேன் கணக்கு வேறு. சாக்பீஸால் தரையிலேயே போட்டார். ஷீட் 2500-க்கு 1250 மி.மீ. முந்நூறு பட்டையானால் அகலத்தில் நாலு விழும், 50 மிச்சம். முந்நூற்றைம்பதானால் மூணுதான், 200 மிச்சம். ஒரு கன்வேயருக்கு ரெண்டு பக்கமும் சேர்த்து 12 மீட்டர், ரெண்டரை மீட்டர் பட்டையில் அஞ்சு, நாலுக்கு இருபது. முன்னே அஞ்சு ஷீட்டில் முடிந்தது, இப்போது ஏழு. ஷீட் ஒன்று 50 கிலோ. 38 கிலோ என்று நான் நினைத்த இடத்தில் வாங்கவேண்டியது நூறு கிலோ. மிஞ்சும் 200 பட்டையில் செயின் கவர் போடலாம்தான், ஆனால் எத்தனை செயின் கவர்? நான் எடையைக் கணக்குப் போட்டேன், அவர் ஷீட்டை வெட்டிப் பார்த்தார். கோயமுத்தூர்க் கடையில் ஷீட்டை முழுசாகத்தான் தருவார்கள். ஐப்பசி மழையில் எங்கள் ஷாப்புக்கு ஏறி வரும் கல்லாறு மலை ரோடு அடைத்தால் கோத்தகிரி வழியாகச் சுற்றி வரும் வண்டி வாடகை வேறு.

முதலாளியிடம் சொல்லிவிடலாமா என்று ஒருநாள் யோசித்தோம். நம் டிராயிங் பழசாக இருந்ததற்கு அவர் ஏன் கொடுக்கவேண்டும்? ஆனால் பெரிய டிரம்மால் ஜாயின்ட் பிளக்காமல் இருக்கப்போவது அவருடைய பெல்ட்தானே. ரெண்டும் நியாயமாகவே பட்டது. கடைசியில் சொல்லவில்லை, கையிலிருந்து போட்டோம். பெருந்தன்மையா, மானம் போகும் என்ற பயமா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு எல்லா எஸ்டிமேட்டிலும் 5 சதவீதம் 'இதர' என்று சேர்க்கிறேன். டிராயிங் நம்பரோடு திருத்த எண்ணும், ரேட் எடுத்த தேதியும் எழுதாமல் எக்செலை மூடுவதில்லை. திருத்த எண் எழுதுகிறவனுக்கு 5 சதவீதம் எதற்கு என்று ஃபோர்மேன் கேட்டார். சிரித்தபடிதான் கேட்டார். நான் அந்த 5 சதவீதத்தை எடுக்கவில்லை.

போன வாரம் அதே முதலாளி போன் செய்தார். கன்வேயர் நல்லா ஓடுதாம், இன்னொண்ணு வேணுமாம். "அதே ரேட்டுதானுங்களே?"

பார்த்துச் சொல்றேனுங்க என்றேன். ஏழாவது ஷீட்டில் ஒரு பட்டை மிஞ்சியிருக்கிறது. புது ஷீட் ஒன்று வாங்கினால் மூணு வரும். மொத்தம் நாலு. வேண்டியது அஞ்சு.