ஒரு டயர் மட்டும்

ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுவதும் ஒடித்து, காலியான மைதானத்தில் காரை மெதுவாக வட்டமடிக்க விட்டேன். யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் திணறியது. பிரேக்கில் கால் வைக்கவே இல்லை.

நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும் பழைய கார். கியர்பாக்ஸ் போய்விட்டது என்றுதான் பயந்தேன்.

மெக்கானிக் அண்ணன் பானெட்டைத் திறக்கவில்லை. தையற்காரர் நாடா ஒன்றை எடுத்து, ஒவ்வொரு டயரையும் சுற்றி அளந்தார். மூன்று ஒரே அளவு. பின்பக்க இடது டயர் மட்டும் 25 மில்லிமீட்டர் அதிகம்.

பஞ்சரானபோது நான் புதிதாகப் போட்ட டயர் அது.

டயர் பட்டனில், அதாவது சாலையில் படும் ரப்பர் வரிகளின் உயரத்தில், 4 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தாலே சுற்றளவில் அவ்வளவு வந்துவிடும். நேர்ச்சாலையில்கூட அந்தச் சக்கரம் கிலோமீட்டருக்கு ஐந்தாறு சுற்று குறைவாகச் சுற்றும். அந்த வித்தியாசத்தை ஓயாமல் தாங்குவது முன்சக்கரங்களையும் பின்சக்கரங்களையும் நடுவில் இணைக்கும் விஸ்கஸ் கப்ளிங். உள்ளே சிலிகோன் திரவம். சூடேறிச் சூடேறி அது கெட்டியானால், வளைவில் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் தத்தம் வேகத்தில் சுழல முடியாது. அந்தத் திணறல்தான் இது.

"முதலில் ஒரே அளவு தேய்ந்த நான்கு டயர் போடுவோம் தம்பி. அப்போதும் இழுத்தால் கப்ளிங்கைக் கழற்றலாம்" என்றார்.

பழைய கார் என்றதும் விற்றுவிடு என்பவர்களே அதிகம். கழற்றுவதற்கு முன் அளந்து பார்க்கும் கைகள்மீது எனக்குப் பெரும் மரியாதை.

நாளை மாலை டயர்கள் வருகின்றன. மறுபடி அதே மைதானம், அதே வட்டம்.