உடுப்பைக் கேட்கிறவர்கள்

கனடாவுக்கு வந்து இறங்கிய முதல் மாதங்களில் எனக்குக் கிடைத்த புத்திமதிகளில் பாதிக்கு மேல் உடுப்பைப் பற்றியவை. குளிருக்கு எந்தச் சப்பாத்து, உள்ளே எத்தனை அடுக்கு, வேலைக்கான நேர்முகத்துக்குப் பொட்டு வைத்துக்கொண்டு போகலாமா என்று உறவினர் ஒவ்வொருவரும் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். எட்டாம் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த என் மகளுக்கான சட்டங்கள் இன்னும் நீளமானவை. "இது வெள்ளைக்காரர் நாடு, பெண் பிள்ளையைக் கவனமாகப் பார்த்துக்கொள்" என்று சொன்ன அதே வாய், "இந்தக் கட்டடத்தில் முஸ்லிம் குடும்பங்கள் அதிகம், அவர்களுடைய பையன்களைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை" என்றும் சொல்லும். ஆபத்து எப்போதும் வேறு மதத்தார் வீட்டிலிருந்துதான் வரும். அதைத் தடுக்கும் பொறுப்பு மட்டும் என் மகளின் பாவாடை நீளத்தில் இருக்கும்.

அது 2011ஆம் ஆண்டின் தொடக்கம். ஸ்காபரோவில் புதிதாக வந்தவர்களுக்கான ஆங்கில வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். அந்த ஜனவரி 24ஆம் தேதி யோர்க் பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்லூரியில் வளாகப் பாதுகாப்பைப் பற்றிப் பேச வந்த ரொறன்ரோ பொலிஸ்காரர் ஒருவர், பாலியல் தாக்குதலுக்கு ஆளாகாமல் இருக்க வேண்டுமானால் பெண்கள் வேசைகள்போல உடுத்துவதைத் தவிர்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். செய்தி பெரிதான பிறகு ஆசிரியை பத்திரிகையை வகுப்புக்குக் கொண்டுவந்தார். அதை வாசித்து முடித்ததும், யாரும் சொல்லாமலே எல்லோருடைய கண்களும் முன்வரிசையில் முக்காடு போட்டிருந்த ஆப்கான் பெண்ணிடம் போயின. அவர் பொலிஸ்காரரை ஆமோதிப்பார் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள்.

அவர் தன் அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டது ஒன்றே ஒன்று. "எனக்கு ஏதாவது நடந்தால் நான் தொலைபேசியில் கூப்பிட வேண்டியது இந்த மனிதரைத்தானே?"

பொலிஸ்காரருக்காகப் பரிந்து பேசியவர்கள் வேறு ஆட்கள். நல்லூர்த் திருவிழாவுக்கு ஒரு வருடமும் தவறியதில்லை என்று பெருமையாகச் சொல்லும் எங்கள் ஊர் அண்ணர் ஒருவர், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தேவாலயத்துக்குப் போகும் போலந்துக்காரப் பாட்டி ஒருவர். "அவர் சொன்னதில் என்ன பிழை?" என்று அண்ணர் உண்மையாகவே வியப்போடு கேட்டார்.

அந்தப் பொலிஸ்காரர் மன்னிப்புக் கேட்டார். ஏப்ரல் 3ஆம் தேதி ஆயிரக்கணக்கானவர்கள் அந்த வசைச்சொல்லையே பெயராகச் சூட்டிய ஊர்வலமாகப் பொலிஸ் தலைமையகம் வரை நடந்தார்கள். பிறகு அது உலகத்தின் பல நகரங்களுக்கும் பரவியது. அந்தச் சத்தம் முழுவதிலும் ஒரு கேள்வி மட்டும் எழவே இல்லை. அந்தப் பொலிஸ்காரரின் மதம் என்ன என்று யாரும் கேட்கவில்லை.

சிட்னியில் இருக்கும் என் அக்காவுக்கு இதைச் சொன்னபோது அவள் உடனே 2006ஐ நினைவுபடுத்தினாள். ஆஸ்திரேலியாவின் முஃப்தியாக, அதாவது முஸ்லிம்களின் தலைமை மதகுருவாக, இருந்த ஷேக் தாஜ் எல்-தீன் அல்-ஹிலாலி, சிட்னியின் லெகெம்பா பள்ளிவாசலில் ரமழான் மாதத்தில் செய்த பிரசங்கம் அந்த அக்டோபரில் பத்திரிகையில் வந்தது. மூடாமல் வெளியே வைத்த இறைச்சியைப் பூனை வந்து தின்றால் குற்றம் பூனையுடையதா, இறைச்சியுடையதா என்பது அவர் கேட்ட கேள்வி. 2000ஆம் ஆண்டில் சிட்னியில் நடந்த கூட்டு வன்புணர்வு வழக்குகள் ஊரை உலுக்கியிருந்த பின்னணியில் வந்த பேச்சு அது. பிரதமர் ஜோன் ஹவார்ட் கண்டித்தார். முஸ்லிம் பெண்களும் வெளிப்படையாகவே கண்டித்தார்கள். பள்ளிவாசலை நிர்வகித்த சங்கம் அவரைச் சில மாதங்கள் பிரசங்கம் செய்யவிடாமல் நிறுத்தியது. ஆனால் அக்காவின் வேலையிடத்தில் நடந்த பேச்சு ஷேக்கைத் தாண்டி ஒரு மதத்தின்மேல் போய் விழுந்தது. அதற்கு முந்திய டிசம்பரில்தான் சிட்னியின் குரொனுல்லா கடற்கரையில் ஆயிரக்கணக்கில் கூடியவர்களில் பலர், மத்திய கிழக்குத் தோற்றமுடையவர் என்று கண்ணில் பட்டவர்களை அடித்தார்கள். கடற்கரையில் எங்கள் பெண்களைத் தொல்லைப்படுத்துகிறார்கள் என்பதும் அதற்குச் சொல்லப்பட்ட நியாயங்களில் ஒன்று. அக்கா தன் மகனை அன்று ரயிலேற விடவில்லை. அவன் சைவப் பிள்ளை என்பது அடிக்க வருகிறவனுக்கு எப்படித் தெரியும்?

ஷேக் சொன்னதை நான் கொஞ்சமும் மன்னிக்கவில்லை. அதே அளவுகோலை எல்லோருக்கும் பிடிக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன். 2012 டிசம்பரில் டெல்லி பஸ்ஸில் அந்த மாணவி சிதைக்கப்பட்டு இறந்த பிறகு ஆசாராம் என்ற சாமியார், அவள் தாக்கியவர்களை அண்ணா என்று அழைத்துக் கெஞ்சியிருக்க வேண்டும், ஒரு கை தட்டினால் ஓசை வராது என்று பேசினார். எங்கள் மதத்துப் பக்தர்கள் இலட்சக்கணக்கில் காலில் விழுந்த மனிதர் அவர். 2018இல் ஜோத்பூர் நீதிமன்றம் அவரையே ஒரு சிறுமியை வன்புணர்ந்த குற்றத்துக்காக ஆயுள் சிறைக்கு அனுப்பியது. அதைக் கேட்டு என்னிடம் வந்து "உங்கள் சைவசமயம் இப்படித்தானா?" என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

குடியுரிமைப் பரீட்சைக்கு அரசு தரும் வழிகாட்டிப் புத்தகத்தைப் படித்தபோது இந்தச் சங்கடம் இன்னும் கூர்மையாயிற்று. ஆணும் பெண்ணும் சட்டத்தின் முன் சமம் என்று அதில் எழுதியிருந்தது. வாசிக்கவே நன்றாக இருந்தது. அடுத்ததாக, கனடாவின் தாராள மனம், மனைவியை அடிப்பதையும் கௌரவக் கொலையையும் கட்டாயத் திருமணத்தையும் பொறுத்துக்கொள்ளும் காட்டுமிராண்டித்தனமான கலாசாரப் பழக்கங்கள்வரை நீளாது என்றிருந்தது. அந்தக் கொடுமைகள் எங்களிடையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த வரியைப் படிக்கிறவருக்கு, பெண்ணுக்கு எதிரான வன்முறை விமானத்தில் எங்களோடு வந்து இறங்கிய சாமான் என்றுதான் தோன்றும். 2015 தேர்தலில் முகத்திரையோடு குடியுரிமைச் சத்தியம் செய்யலாமா என்பது பெரிய சண்டையானது. அப்படிப்பட்ட 'பழக்கங்களை'ப் பற்றிப் பொலிசுக்குத் தகவல் தரத் தனித் தொலைபேசி எண் அமைப்போம் என்று அன்று ஆட்சியிலிருந்த கட்சி வாக்குறுதி கொடுத்தது.

அந்த வழிகாட்டியோடு இவான்சக் வழக்கையும் சேர்த்துப் படிக்கக் கொடுத்திருக்கலாம். 1994இல் எட்மண்டனில் வேலைக்கான நேர்முகம் என்று நம்பிப் போன பதினேழு வயதுப் பெண்ணை இவான்சக் என்ற மனிதர் தன் வாகனத்தோடு இணைத்திருந்த டிரெய்லருக்குள் வைத்துத் தொட்டார். அவள் ஒவ்வொரு முறையும் வேண்டாம் என்றாள். அவர் கொஞ்சம் நிறுத்திவிட்டு மறுபடி தொட்டார். விசாரணை நீதிமன்றம், அவளுடைய நடத்தையில் மறைமுகமான சம்மதம் இருந்தது என்று அவரை விடுவித்தது. 1998இல் அல்பேர்ட்டா மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அந்தத் தீர்ப்பில் நீதிபதி மக்லங், அவள் ஒன்றும் நாடாக் கட்டிய தலைத்தொப்பியும் நிலம்தொடும் விரிபாவாடையும் அணிந்துகொண்டு அங்கே வரவில்லை என்று குறிப்பிட்டார். வெயில் நாளில் அவள் அரைக் காற்சட்டை போட்டிருந்தாள் என்பதுதான் அதன் உட்பொருள்.

இந்த நீதிபதியின் பாட்டி நெல்லி மக்லங். கனடியப் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடியவர், செனட்டில் இடம்பெறப் பெண்களும் தகுதியுள்ள 'நபர்கள்'தான் என்ற தீர்ப்பை 1929இல் பெற்றுத் தந்த ஐந்து பெண்களில் ஒருவர். நான் வந்த காலத்தில் புழங்கிய 50 டாலர் தாளில் அந்த ஐவரின் சிலை அச்சிடப்பட்டிருந்தது. முதல் சம்பளத்தில் அந்தத் தாளைக் கையில் வாங்கியபோது அவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அந்த வீட்டிலிருந்தே இப்படி ஒரு வரி வந்தது. அதற்காகக் கிறிஸ்தவத்தையோ வெள்ளைக்காரக் கலாசாரத்தையோ கூண்டில் ஏற்ற யாருக்கும் தோன்றவில்லை. தோன்றாததுதான் நியாயம். 1999 பெப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த மனிதரைக் குற்றவாளி என்றது, மறைமுகச் சம்மதம் என்ற வாதமே கனடிய சட்டத்தில் கிடையாது என்றது. நீதிபதி கிளேர் லெரூ-டுபே அந்தத் தலைத்தொப்பி வரியைத் தனியாக எடுத்துக் கண்டித்தார். இத்தனைக்குப் பிறகும் 2014இல் கல்கரியில் ஒரு நீதிபதி, வழக்கில் சாட்சி சொன்ன பத்தொன்பது வயதுப் பெண்ணிடம், முழங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டிருக்கக்கூடாதா என்று கேட்டார். 2017இல் அவர் பதவி விலக வேண்டியதாயிற்று.

என்னோடு வேலை செய்த ஒரு தங்கச்சி யாழ்ப்பாணம் சோனகர் தெருவில் பிறந்தவள். 1990 அக்டோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது தாயின் கையைப் பிடித்துக்கொண்டு ஊரைவிட்டுப் போன குழந்தை. ஒருநாள் காலை சுரங்க ரயில் நெரிசலில் ஒருவன் அவள் உடலில் கைவைத்துவிட்டான். வேலையிடத்துச் சாப்பாட்டு அறையில் அவள் கை நடுங்க அதைச் சொன்னபோது, நல்ல மனதுள்ள ஒரு பெண் "முக்காடு போட்டிருக்கும்போதுமா?" என்றாள். தங்கச்சி பேசுவதை நிறுத்திவிட்டாள். எனக்கு அந்தக் கேள்வி பல நாள் உறுத்தியது. முக்காடு காக்கும் என்று நம்புகிறவள், முக்காடு இல்லாதவளைப் பற்றி மனதுக்குள் என்ன எழுதி வைத்திருக்கிறாள்? இதே அறையில்தான் முன்பொரு நாள் "வீட்டில் கட்டாயப்படுத்தினார்களா, பாவம்" என்று அதே முக்காட்டுக்காக அவளுக்கு இரக்கம் காட்டினார்கள்.

எங்கள் வீடுகளிலும் கதை இதுதான். ஒரு சாமத்தியவீட்டு மண்டபத்தில் எனக்குப் பக்கத்தில் இருந்த மாமி, "அவர்களுடைய ஆண்கள் சரியில்லை, அதனால்தான் பெண்களை மூடி வைக்கிறார்கள்" என்று முஸ்லிம்களைப் பற்றி நீளமாகச் சொன்னார். சாப்பாட்டுப் பந்திக்கு எழும்பும்போது பேத்தியைக் கூப்பிட்டு, "முதுகு தெரிகிறது, சால்வையைப் போடு, இங்கே எத்தனை ஆண்கள் நிற்கிறார்கள்" என்றார். மண்டபத்தில் நின்ற ஆண்கள் எல்லோரும் எங்கள் சொந்தக்காரர்கள்.

என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. மாமியும் யாழ்ப்பாணம்தான். "மாமி, செம்மணியில் கிருஷாந்தி எங்கே போய்விட்டு வந்தாள்?" என்று கேட்டேன்.

"பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளை" என்றார். 1996 செப்டம்பரில் சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்த அந்த மாணவியைச் சோதனைச் சாவடியில் நிறுத்தி இலங்கைப் படையினர் கெடுத்துக் கொன்றார்கள். தேடிப் போன தாயையும் தம்பியையும் அயலவரையும் கொன்றார்கள். "2015இல் புங்குடுதீவில் விடியப் பள்ளிக்கூடம் போன பிள்ளை என்ன உடுத்தியிருந்தது?" என்று மறுபடி கேட்டேன். "வெள்ளைச் சீருடை" என்று மாமி சொன்னார். அவர் கண் கலங்கியது. அந்தப் பிள்ளையைக் கடத்திக் கொன்றதற்குத் தண்டனை பெற்றவர்களில் வேற்றுமொழிப் படையினர் யாரும் இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். பேத்தி சால்வையைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மாமி அதைப் போடச் சொல்லி அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

இப்போது நான் தமிழ் மொழிபெயர்ப்பாளராக மருத்துவமனைகளுக்கும் போகிறேன். ஒன்ராறியோவில் பாலியல் தாக்குதலுக்கு ஆளானவர்களைக் கவனிக்கத் தனிப் பிரிவுகள் உள்ள மருத்துவமனைகள் இருக்கின்றன. பொலிசுக்குப் போகாமலே அங்கே சிகிச்சை பெறலாம். கணவன் செய்தாலும் அது குற்றம், 1983 முதல் சட்டம் அப்படித்தான். பேசாமல் இருந்ததைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது. புதிதாக வரும் பெண்களுக்கு, பனிக்காலச் சப்பாத்து எங்கே மலிவு என்று சொல்வதற்கு முன்பே இவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

அந்த அறைகளில் கேட்டதை வெளியே சொல்லக்கூடாது, சொல்லவும் மாட்டேன். பல பெண்களிடம் பொதுவாகக் கண்ட ஒன்றை மட்டும் சொல்கிறேன். தாதி உடுப்பைப் பற்றி வாயெடுத்ததும், சேலை கட்டியவரும் ஜீன்ஸ் போட்டவரும் முக்காடு போட்டவரும் "நான் ஒழுங்காகத்தான் உடுத்தியிருந்தேன்" என்று தொடங்கிவிடுகிறார்கள். நான் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்கிறேன். தாதி கடதாசிப் பையை விரித்துப் பிடித்துக்கொண்டு, தடயத்துக்காக மட்டும்தான் கேட்கிறேன், அது துவைக்கப்பட்டதா இல்லையா என்பது தெரிந்தால் போதும் என்கிறார். அதையும் நான் அப்படியே தமிழில் சொல்கிறேன்.