ஸ்பிரின்ட் டிரையத்லான்: நேரம் எங்கே கரைகிறது?

750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம்: மூன்றும் அடுத்தடுத்து, ஒரே போட்டியில். தூரம் குறைவுதான். ஆனாலும் முதல் 100 மீட்டரிலேயே பலருக்கு மூச்சு முட்டிவிடும். கூட்டத்தின் வேகத்துக்குக் கை வீசுவதே காரணம். ஓரமாக நின்று தொடங்குங்கள். மூச்சைத் தண்ணீருக்குள்ளேயே முழுதாக விடுங்கள். எட்டு வீச்சுக்கு ஒருமுறை தலைதூக்கி மிதவையைப் பாருங்கள், இல்லையென்றால் திசை மாறி 50 மீட்டர் வீணாகும்.

கரையேறியதும் முதலில் ஹெல்மெட். வாரைப் பூட்டாமல் சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து எடுத்தால் அபராதம்! சைக்கிளை லேசான கியரில் நிறுத்தியிருந்தால் சைக்கிளில் ஏறுவதற்கான கோட்டைத் தாண்டி ஏறியதும் மிதிக்க எளிது.

ஓட்டத்தின் முதல் கிலோமீட்டரில் கால் மரக்கட்டைதான். வாரம் ஒருமுறை, சைக்கிளிலிருந்து இறங்கியதும் 10 நிமிடம் ஓடிப் பழகுங்கள். இதற்கு வேறு மருந்து இல்லை. ஷூவைச் சட்டென மாட்ட எலாஸ்டிக் நாடா, உள்ளே கொஞ்சம் பவுடர்.