வேனுக்குள் வெளிச்சம் வந்தது, பின்கதவைத் தவிர

மூன்று ஞாயிற்றுக்கிழமை இதற்கே போய்விட்டது. ஆனாலும் நேற்று ராத்திரி வேன் கதவைத் திறந்ததும் முன்னால் ஒன்று, நடுவில் ஒன்று என்று இரண்டு கேபின் லைட்டும் பளிச்சென்று எரிந்தன. கொஞ்ச நேரம் சும்மா கதவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். வீட்டில் பைத்தியம் பிடித்துவிட்டதா என்று பார்த்தார்கள்.

வண்டி 2003 மாடல். தைப்பூசத்துக்குச் சிவன்மலைத் தேர் பார்த்துவிட்டு காங்கேயம் திரும்பிய அன்றுதான் லைட் போயிருப்பதே தெரிந்தது. அம்முச்சி (அம்மாவைப் பெற்றவர்) இருட்டில் ஒரு கால் செருப்பைத் தேடித் தேடி, "இத்தன பெரிய வண்டில ஒரு லைட்டு இல்லீங்களா சாமி?" என்று கேட்டார். அந்த 'ங்க'வில் இருந்த குத்தல் எனக்குத்தான் தெரியும்.

பல்ப், ஃப்யூஸ் இரண்டும் நன்றாகவே இருந்தன. லைட் சுவிட்சை 'டோர்' (கதவு திறந்தால் மட்டும் எரியும்) பக்கம் தள்ளினாலும் எரியவில்லை, 'ஆன்' (எப்போதும் எரியும்) பக்கம் தள்ளினாலும் எரியவில்லை. ஆனிலும் எரியாவிட்டால் கதவுச் சுவிட்சின் மேல் பழி போட முடியாது. பல்பைக் கழற்றி ஹோல்டரில் மீட்டர் வைத்தால் 12.5 வோல்ட், கணக்காக! பல்பை மாட்டினால் இருட்டு. ஹோல்டர் தகரத்தைச் சுரண்டினேன், வளைத்தேன், புது ஹோல்டரே வாங்கிப் போட்டேன். எல்இடி பல்ப் ஒன்றைச் சொருகினால் மினுக்மினுக்கென்று எரிந்து இன்னும் குழப்பியது. முதல் ஞாயிறு அதோடு முடிந்தது.

இங்கேதான் மீட்டர் என்னை ஏமாற்றிவிட்டது. டிஜிட்டல் மீட்டர் தனக்கென்று இழுக்கும் கரண்ட் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. அதனால் வழியில் ஒயர் அரித்து ஒரே ஒரு நூல் ஒட்டிக்கொண்டிருந்தாலும் முழு வோல்ட்டைக் காட்டும். 10 வாட் பல்புக்கோ முக்கால் ஆம்பியருக்கு மேல் வேண்டும். தோட்டத்தில் அடைத்துக்கொண்ட சொட்டுநீர்க் குழாயைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். வால்வு மூடியிருக்கும்வரை கேஜில் அழுத்தம் குறையாது, திறந்தால் கடைசிச் செடிக்குத் தண்ணீர் வராது.

லாரிப் பட்டறைக்காரர்கள் மீட்டரைத் தொடாமல் இரண்டு ஒயர் வைத்த இண்டிகேட்டர் பல்பை வைத்தே எல்லாவற்றையும் கண்டுபிடிப்பது இதனால்தான். நானும் ஒரு 21 வாட் பல்பில் ஒயர் வைத்துக்கொண்டேன். ஃப்யூஸ் பெட்டியில் வைத்தால் நன்றாக எரிந்தது, ஹோல்டரில் வைத்தால் எரியவே இல்லை. அப்புறம் பழைய பல்பை மாட்டி, சுவிட்சை ஆனில் வைத்து, எரியாத நிலையிலேயே மீட்டரால் அளந்தேன். ஃப்யூஸில் 12.5, ஹோல்டரில் 0.2. மீதி வோல்ட்டை நடுவில் எதுவோ தின்கிறது.

அப்போதுதான் ரேடியோவைப் பார்த்தேன். மணி 12:00. பல மாதமாகவே இந்த ரேடியோவில் கதவைத் திறந்தால் மணி அழிந்துவிடும். மலிவு ரேடியோ அப்படித்தான் இருக்கும் என்று விட்டிருந்தேன். உண்மையில் கதவு திறந்ததும் பல்ப் கரண்ட் இழுக்கப் பார்க்கிறது, அந்த லைனில் வோல்ட் படுத்துவிடுகிறது, அதே லைனில் இருக்கும் ரேடியோவுக்கு ஞாபகம் போகிறது. வண்டி இத்தனை நாளாகக் கத்திச் சொல்லியிருக்கிறது, எனக்குத்தான் காது கேட்கவில்லை.

டேஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகப் படுத்து, லைட்டை ஆனில் வைத்து, ஒயர்க் கட்டை விரலால் தடவிக்கொண்டே போனேன். ஒரு இடத்தில் இன்சுலேஷன் டேப் இளஞ்சூடாக இருந்தது. பிரித்தால் ரேடியோ மாட்டியவர் கேபின் லைட் ஒயரை வெட்டி, வெறுமனே முறுக்கி, டேப் சுற்றியிருக்கிறார். மேலே முன்கண்ணாடி ரப்பரில் மழைத் தண்ணீர் கசிந்து, முறுக்கு முழுக்கப் பச்சைக் களிம்பு. அவர் யார் என்று சொல்லப்போவதில்லை, ஆனால் அந்த முறுக்கைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன்.

களிம்பு ஓரத்தோடு நிற்காது. இன்சுலேஷனுக்குள்ளேயே இரண்டு அங்குலத்துக்குக் கம்பி கறுத்திருந்தது. கறுத்த கம்பியில் ஈயம் ஒட்டவே ஒட்டாது, உருண்டை உருண்டையாக மடியில் விழும். பளபளக்கும் செம்பு தெரியும்வரை வெட்டியதில் ஒயர் எட்டவில்லை. கோவை உக்கடம் பழைய சாமான் கடையில் ஏதோ வண்டியின் முழு ஒயரிங் கட்டை எடைக்கு வாங்கி வந்திருந்தேன், அதிலிருந்து ஒரு துண்டு. கடையில் கேட்டால் எதற்கு முழுக்கட்டு என்பார்கள். நிறம் நிறமாக ஒயர் இந்த விலைக்குக் கிடைக்காது. சால்டர் வைத்து, சூடு காட்டினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டேன். பேட்டரி கழற்றாமல் வேலை செய்ததில் இரண்டு நீல ஃப்யூஸ் போனது தனிக் கதை. சாவியை எடுத்தாலும் இந்த லைனில் கரண்ட் இருக்கும் என்பது தெரிந்தே செய்த தப்பு.

ஆனில் எரிந்தது. டோரில் டிரைவர் கதவுக்கு மட்டும் எரிந்தது. இழுக்கும் கதவின் சுவிட்சுக்கு எர்த் (வண்டியின் தகர உடம்போடு தொடர்பு) கிடைப்பதே அதைப் பிடித்திருக்கும் ஒற்றை ஸ்க்ரூ வழியாகத்தான், அது துரு. போதாததற்குக் கொப்பரை மூட்டை ஏற்றிய எண்ணெய்ப் பிசுக்கில், கதவு அழுத்தும் குமிழ் உள்ளேயே ஒட்டிக்கிடந்தது. உப்புத்தாள், கொஞ்சம் பெட்ரோல், பத்து நிமிடம்.

பின்கதவு மட்டும் பாக்கி. அங்கே ரப்பர்க் குழாய்க்குள் ஒயர் மடங்கி மடங்கி அறுந்திருக்கும் என்று நினைக்கிறேன். அதைத் தொடுவதற்கு முன்னால் முன்கண்ணாடி ரப்பரை மாற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் மழைக்குப் புது ஜாயின்ட்டும் நனையும். ரப்பருக்குத் திருப்பூரில் ஒரு கடையில் சொல்லி வைத்திருக்கிறேன். ரேடியோவில் மணி இப்போது சரியாக ஓடுகிறது, ஏழு நிமிடம் முன்னால்.