பத்மினிக்கு ஊசி போட்ட கதை

கோவையிலிருந்து ஊட்டி போகும் வழியில் பர்லியார் வந்ததும் வண்டியை ஓரங்கட்டி, பானெட்டைத் தூக்கி, ஏசி பம்ப் (குளிர்சாதனம் இல்லை, டாங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும் பம்ப்) தலையில் ஈரத்துணியைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவது எங்கள் வீட்டு வழக்கம். அப்பா 1979-ல் வாங்கிய பிரீமியர் பத்மினி. மேட்டுப்பாளையம் வரைக்கும் ராஜா மாதிரி வரும். கல்லாறு தாண்டி ஏற்றம் பிடித்ததும் எஞ்சின் சூட்டில் பம்ப்புக்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகி ஏர் லாக் ஆகிவிடும். இதற்காகவே பின்சீட்டுக்கு அடியில் பழைய வேட்டித் துண்டு ஒன்றும் இரண்டு லிட்டர் தண்ணீரும் எப்போதும் இருக்கும்.

குன்னூர் தாண்டினால் வேறு வியாதி. மேலே போகப் போகக் காற்று குறைகிறது. ஊட்டியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கம்மி. ஆனால் காற்றில் பெட்ரோலைக் கலக்கும் சோலெக்ஸ் கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடுவது பித்தளை ஜெட். அதில் போட்ட ஓட்டை கோவையிலும் அதே ஓட்டைதான், ஊட்டியிலும் அதே ஓட்டைதான். காற்று குறைகிற அளவுக்குப் பெட்ரோல் குறையாது. பிளக் கரியாகி, புகை கறுத்து, செகண்ட் கியரில் முக்கிக்கொண்டு போவோம்.

இதெல்லாம் நாற்பது வருடப் பழக்கம், அதனால் பொறுத்துக்கொண்டோம். பொறுமை போனது பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் வந்த பிறகு. சுத்த பெட்ரோலில் ஒரு கிராமை முழுசாக எரிக்க 14.7 கிராம் காற்று வேண்டும். இந்தக் கலவைக்கு 13.5 போதும், அதாவது அதே காற்றுக்கு இன்னும் கொஞ்சம் அதிகமாகப் பெட்ரோல் ஊற்ற வேண்டும். ஜெட்டுக்கு இது தெரியுமா? காலையில் சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்தாலும் ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒரு விக்கல். ஒரே வருடத்தில் ஏசி பம்ப் டயாஃப்ரம் (உள்ளே இருக்கும் சவ்வு) இரண்டு முறை போனது. எத்தனால்தான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் சந்தேகம் இருக்கிறது.

எனக்கு கோவை கணபதியில் சின்ன லேத் பட்டறை. பம்ப்செட் பார்ட்ஸ் ஜாப் ஒர்க். மெஷின் இருக்கிற திமிரில்தான், கார்புரேட்டரைக் கழற்றிவிட்டுக் கம்ப்யூட்டர் சொல்லும் அளவில் பெட்ரோலைப் பீய்ச்சும் இஞ்ஜெக்ஷன் மாட்டும் வேலையில் இறங்கினேன் என்று ஒப்புக்கொள்கிறேன். எங்கள் வண்டியை அப்பா காலத்திலிருந்து பார்க்கும் மெக்கானிக் அண்ணனிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "இருக்கறதே மூணு ஜெட்டு. அதுக்குப் போயி கம்ப்யூட்டருங்களா தம்பி?"

ஒரு விஷயத்தில் மட்டும் உறுதியாக இருந்தேன். பாடியிலோ எஞ்சினிலோ புதிதாக ஒரு ஓட்டைகூடப் போடக் கூடாது. 50 வயது தாண்டி, அசல் நிலையில் இருக்கும் வண்டிக்குத்தான் வின்டேஜ் பதிவு என்று 2021-ல் விதி வந்தது. எங்கள் பத்மினிக்கு 2029-ல் 50 நிறைகிறது. அன்றைக்குள் எல்லாவற்றையும் கழற்றிப் பழையபடி மாட்ட முடிய வேண்டும்.

உக்கடம் பழைய சாமான் கடையில் மாருதி 800 இஞ்ஜெக்ஷன் மாடலின் த்ராட்டில் பாடி (எஞ்சினுக்குப் போகும் காற்றைத் திறந்து மூடும் பாகம்) கிடைத்தது. பொருந்துமா என்று யோசித்தால் கணக்கு எளிது. பத்மினி 1089 சிசி, மாருதி 796 சிசி. ஆனால் இரண்டும் கிட்டத்தட்ட 40 குதிரைசக்தி எஞ்சின்கள். அதே சக்திக்குக் கிட்டத்தட்ட அதே காற்று. கார்புரேட்டர் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு அலுமினியக் கட்டையை மில்லிங் செய்து வைத்தேன். அதன் மேல் த்ராட்டில் பாடி, பக்கவாட்டில் சாய்வாகப் பெட்ரோல் பீய்ச்சும் இரண்டு இஞ்ஜெக்டர். 40 குதிரைக்கு நிமிடத்துக்கு மொத்தம் 260 மில்லி போதும். பழைய இஞ்ஜெக்டர்களை நம்பக் கூடாது என்பதால் கண்ணாடி அளவு ஜாடியில் பீய்ச்ச விட்டு ஒவ்வொன்றாக அளந்தேன். வாங்கிய ஆறில் மூன்று ஒன்றுக்கொன்று ஒத்துப்போயின. ஒன்று ஸ்பேர்.

மூளைக்கு ஸ்பீடுயினோ. ஆர்டுயினோ மெகா போர்டில் ஓடும் ஓபன் சோர்ஸ் இசியு, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர். பிளக்குகளுக்கு மின்பொறியைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரில் கை வைக்கவில்லை, பெட்ரோல் மட்டும்தான் கம்ப்யூட்டர் பொறுப்பு.

ஏசி பம்ப் தருவது கால் பார் அழுத்தம். இஞ்ஜெக்டருக்கு வேண்டியது 3 பார், அதற்கு மின்சார பம்ப்தான். இங்கேதான் ஆட்கள் சிக்கனம் பார்த்து வண்டியை எரித்துக்கொள்கிறார்கள். சாதாரண பெட்ரோல் ஹோஸ் அந்த அழுத்தத்தில் வெடிக்கலாம். இஞ்ஜெக்ஷனுக்கென்று வரும் ஹோஸ், அதற்கான கிளாம்ப், எஞ்சின் சுற்றாவிட்டால் பம்ப்பை நிறுத்தும் ரிலே: இந்த மூன்றில் பேரமே கிடையாது. மிச்சப் பெட்ரோல் டாங்குக்குத் திரும்ப ஒரு ரிட்டர்ன் லைனும் இழுக்க வேண்டும்.

முதல் ஸ்டார்ட்டில் எஞ்சின் பிடித்தது. பிடித்து நான்கு நொடியில் செத்தது. லேப்டாப்பில் ஆர்பிஎம் 800, 7000, 300, 6500 என்று பைத்தியம் பிடித்த மாதிரி குதித்தது. சிக்னலை நான் எடுத்திருந்தது இக்னிஷன் காயிலிலிருந்து. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் பிரியும்போதெல்லாம் வரும் மின் இரைச்சலை இசியு எஞ்சின் சுற்றாக எண்ணிக்கொண்டிருந்தது. இரண்டு ஞாயிறு இதில் போனது. கடைசியில் கிராங்க் புல்லிக்குப் பின்னால் 36 பல் சக்கரம் ஒன்றை லேசரில் வெட்டி மாட்டினேன். 36-ல் ஒரு பல்லை எடுத்துவிட்டால் அந்த இடைவெளிதான் இசியுவுக்குக் கணக்கின் தொடக்கம். செம்புக் கம்பி பிளக் ஒயரைக் கழற்றிவிட்டு ரெசிஸ்டர் ஒயர் போட்டேன். பேட்டரி எர்த்தை நேராக எஞ்சின் பிளாக்குக்குக் கொண்டுவந்தேன். அதன்பின் ஆர்பிஎம் குதிக்கவில்லை.

ட்யூனிங் என்பது எந்த ஆர்பிஎம்மில், எந்தக் காற்றழுத்தத்தில் எவ்வளவு பெட்ரோல் என்று 16 வரிசை, 16 பத்தி, மொத்தம் 256 கட்டங்களை நிரப்புவது. மனைவி ஓட்ட, நான் பக்கத்தில் லேப்டாப்போடு, அவிநாசி ரோட்டில் விடியற்காலை நாலரைக்கு. "இப்ப மிதி. விடு. அப்படியே பிடி." மூன்றாம் நாள் அவள் சொன்னாள், "இதுக்கு நான் டிரைவிங் ஸ்கூலுக்கே மறுபடி போயிருக்கலாம்." சைலன்சர் குழாயில் மாட்டிய ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்துத்தான் கட்டங்களைத் திருத்த வேண்டும். ஒரு எச்சரிக்கை. எத்தனால் கலந்தாலும் அந்த மீட்டர் சரியான கலவைக்கு 14.7 என்றுதான் காட்டும். அதை 13.5-க்குக் கொண்டுவருகிறேன் என்று யாராவது மெனக்கெட்டால் பெட்ரோல்தான் வீண். நான் ஒரு வாரம் வீணாக்கினேன்.

பிறகு மலை. கோவையில் சாவியைத் திருப்பினால் லேப்டாப் காற்றழுத்தம் 96 கிலோபாஸ்கல் காட்டியது. பர்லியாரில் நிற்கவில்லை. ஆனால் அதற்கு மேலே ஒரு கொண்டை ஊசி வளைவில் எஞ்சின் பொசுக்கென்று அணைந்தது. டாங்கில் கால்வாசிதான் பெட்ரோல், வளைவில் அது ஒரு பக்கம் ஒதுங்கியதும் பம்ப் காற்றைக் குடித்துவிட்டது. கொஞ்சம் பெட்ரோலைச் சேர்த்து வைத்திருக்கும் கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணம் இத்தனை வருடம் சத்தமில்லாமல் செய்துவந்த சேவை இது. நான் அதைக் கழற்றி எடுத்து வைத்திருந்தேன். பின்னால் வந்த பஸ்காரர் அடித்த ஹாரன் இன்னும் காதில் இருக்கிறது. திரும்பி வந்ததும் டிக்கியில் ஒரு லிட்டர் சேமிப்புக் குப்பி வைத்தேன்.

அடுத்த முறை ஊட்டியில் வண்டியை நிறுத்திச் சாவியைத் திருப்பினேன். காற்றழுத்தம் 77. பிளக் பிஸ்கட் நிறம், அதாவது கலவை சரி.

மொத்தச் செலவு 48,000 ரூபாய், என் உழைப்பு சேராமல். மைலேஜ் 11-லிருந்து 12.5 ஆனது. பெட்ரோல் மிச்சம் பிடிக்க இதைச் செய்யாதீர்கள், போட்ட காசு உங்கள் ஆயுளில் திரும்பாது. பவரும் ஏறவில்லை, அதே கிழட்டு நாற்பது குதிரைதான்.

மெக்கானிக் அண்ணனிடம் காட்டினேன். பானெட்டைத் திறந்து, எஞ்சின் மேல் கை வைத்து, தலையைச் சாய்த்துக் கேட்டார். "ஸ்லோ ஸ்பீடு ஒரு நூல் ஜாஸ்தியா இருக்குதுங்க. ஸ்க்ரூ எங்கீங்க?" ஸ்க்ரூ இல்லை என்றேன். லேப்டாப்பில் 950-ஐ 900 ஆக்கினேன். "இன்னுங் கொஞ்சம்." 870. "போதும்." வைத்த கையை எடுக்காமலே கேட்டார், "அந்தப் பழைய சோலெக்ஸ என்ன பண்ணுனீங்க?"

ஆயில் பூசி, ஏசி பம்ப்போடு பெட்டியில் வைத்திருப்பதையும் 2029 கணக்கையும் சொன்னேன்.

"அப்படீங்களா," என்று பானெட்டை மூடினார். "அப்ப அதுக்கு ஒரு டயாஃப்ரம் செட்டு இப்பவே வாங்கி வெச்சுருங்க தம்பி. அப்பறம் கெடைக்காது."