பூட்டில்லாத இறாக்கைக்கு ஓர் அனுமதி

திருகோணமலையில் ஓர் அரச பாடசாலையில் தரம் 1 பிள்ளைகளுக்கு, பிள்ளைகள் தாங்களே சாமான்களை எடுத்துக் கையாண்டு படிக்கும் மொன்ரிசோரி முறையில் படிப்பித்த எங்கள் ரீச்சர் போன வருடம் காலமானார். அவர் நினைவாக அதே வகுப்பறைக்கு மொன்ரிசோரி உபகரணங்கள் கொடுப்பதென்று பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து முடிவெடுத்தோம். காசு சேர்ந்தது, அதிபர் சம்மதித்தார், அன்புவழிபுரத்தில் ஒரு தச்சர் பொருள்களைச் செய்து தந்தார். பாடசாலைக்கு ஒரு பொருளை இலவசமாகக் கொடுப்பதற்கு அனுமதி வாங்குவதில்தான் எங்கள் சீவன் போனது.

முதல் தடங்கல் எங்கள் கடிதத்தின் தலைப்பிலேயே. மொன்ரிசோரி என்றால் இங்கே தனியார் நேர்சரி என்றுதான் நினைப்பார்கள். அரச பாடசாலை 5 வயதில், தரம் 1 உடன் தொடங்குகிறது. அதற்குக் கீழே முன்பள்ளி. அதைப் பார்ப்பது வேறு அலுவலகம். கல்வி அலுவலகத்துக் கிளாக்கர் தலைப்பை மட்டும் வாசித்துவிட்டு, “இது எங்கட வேலை இல்லை, முன்பள்ளிக்காரரிட்டப் போங்க” என்றார். வெயிலில் அங்கே போனால், “அரச பாடசாலை எண்டா அவங்கதானே தரணும்” என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டு பக்கமும் சொன்னது சட்டப்படி சரிதான் என்பதுதான் கூடுதல் எரிச்சல். கடைசியில் தலைப்பை ‘தரம் 1 கற்றல் உபகரணங்கள்’ என்று மாற்றினோம். அதே கிளாக்கர், அதே கடிதம், மறுபேச்சில்லாமல் கோவையில் சேர்த்துக்கொண்டார்.

அடுத்து, பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் தீர்மானம் வேண்டும் என்றார்கள். தீர்மானம் இருந்தது, கூட்டறிக்கைப் பிரதியில் அதிபரின் முத்திரைதான் இல்லை. அதை வாங்கிக்கொண்டு போன நாளில் கையொப்பமிட வேண்டியவர் பீல்டுக்குப் போயிருந்தார். ஆகவே, பொதுமக்கள் நாளைப் பார்த்து, அதற்கும் மேலே ஒரு போன் எடுத்துக் கேட்டுவிட்டுப் போங்கள்.

பெரிய சண்டை, உபகரணங்களை அடுக்கி வைக்கும் இறாக்கைக்காக. பிள்ளையின் கைக்கு எட்டும் உயரம், கதவு இல்லை, பூட்டு இல்லை. “அரச உடைமையை எப்படித் திறந்து வைப்பது? கதவும் பூட்டும் போட்டு அலுமாரியாகக் கொண்டுவாங்க” என்றார்கள். அவர்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும். பொருட்பதிவேட்டில் ஏறிய சாமான் வருடாந்தக் கணக்கெடுப்பில் குறைந்தால் வகுப்பாசிரியர்தான் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பயத்திலேயே எத்தனையோ வகுப்புகளில் நல்ல உபகரணங்கள் பொலித்தீன் கூடக் கழற்றப்படாமல் அலுமாரிக்குள் கிடக்கின்றன.

ரீச்சர் இந்தப் பயத்தோடுதான் காலம் முழுக்க மல்லுக்கட்டினார். உப்புவெளிக் கரையில் பொறுக்கிய சிப்பியும் புளியங்கொட்டையும்தான் அவருடைய எண்ணும் சாமான்கள். மட்டையில் மணல்தாள் ஒட்டி எழுத்து வெட்டுவார். விரலால் தடவித்தான் ‘அ’ படித்தோம். எதையும் பூட்ட மாட்டார். மேற்பார்வைக்கு வருபவர்கள் கேட்டால் அவரிடம் ஒரு கதை இருந்தது.

அந்தக் கதையைத்தான் நாங்களும் பூட்டுக் கேட்ட அதிகாரியிடம் சொன்னோம். 1907இல் ரோமில், சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் பகுதியில் மரியா மொன்ரிசோரி தொடங்கிய முதல் பள்ளியிலும் சாமான்கள் பூட்டிய அலுமாரியில்தான் இருந்தன. ஒருநாள் ஆசிரியை பூட்ட மறந்துபோனார். பிள்ளைகள் தாங்களே வேண்டியதை எடுத்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகுதான் திறந்த, உயரம் குறைந்த இறாக்கைகள் வந்தன. அதே அம்மா 1944இல் இலங்கைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார் என்று நான் ஒரு வரி சேர்த்தேன். அதிகாரி சிரித்தார். “அப்ப தளபாடம் எண்டு எழுதாதீங்க. கற்றல் சாதனம், இறாக்கையோட ஒரு தொகுதி எண்டு எழுதுங்க” என்றார். பூட்டுக் கதை அத்தோடு முடிந்தது.

இதைக் கவனமாகச் செய்யுங்கள்: உபகரணங்களைத் தனித்தனியாக எண்ணி எழுதாமல் தொகுதியாகவே எழுதுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் இளஞ்சிவப்புக் கோபுரம் என்ற மொன்ரிசோரிச் சாமானில் 10 கட்டைகள். பெரியது 10 சென்ரிமீற்றர், சின்னது 1 சென்ரிமீற்றர். ‘கட்டை – 10’ என்று பதிவேட்டில் ஏறினால், அந்தச் சுண்டுவிரல் நகமளவு மரத்துண்டு தொலைந்ததற்கு ஒரு ஆசிரியை விளக்கக் கடிதம் எழுத வேண்டிவரும்.

ரீச்சரின் பெயரைச் சுவரில் போட விடவில்லை. ஆளின் பெயரை வைக்க வேறு அனுமதி, வேறு கோவையாம். எனக்கு அது இன்னும் ஆறவில்லை. ஆனால் அன்பளிப்புக் கடிதத்தில் ‘அன்னாரின் நினைவாக’ என்ற வரி இருந்தது. பதிவேட்டில் எழுதும்போது அதையும் சேர்த்து எழுதச் சொல்லிப் பக்கத்திலேயே நின்றோம். எழுதினார்கள்.

பொருள்கள் போய்ச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, சின்னக் கட்டையைக் காணவில்லை என்று வகுப்பாசிரியை சிரித்துக்கொண்டே போன் எடுத்தார். தச்சரிடம் முன்கூட்டியே உதிரிக் கட்டைகள் வெட்டி வாங்கி வைத்திருந்தோம். நீங்களும் வாங்கி வையுங்கள்.